லேப்டாப் நம்முடையது, சாவி யாருடையது?

வத்தல், மல்லி, மஞ்சள் வியாபாரத்திலேயே காலம் கழித்த நாம் லேப்டாப்பைப் பற்றி எழுத வந்தது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். நமக்கும் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் மாதம், கார்த்திகை பிறந்த கையோடு, நம் கடையின் வசூல் கணக்கு முழுவதும் நம் மேசை மேலேயே இருந்தும் நான்கு நாட்கள் அதை நம்மால் பார்க்க முடியாமல் போயிற்று. அந்த அனுபவம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். எட்டு வருடம் மாடு போல உழைத்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்றும், நம் பழைய பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றும் ஆடிட்டர் சொன்னார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் குண்டூர் வத்தல் பத்து மூட்டைக்குக் கூட முறையான பில் போட முடியாது. ஆகவே மகனும் கணக்குப்பிள்ளையும் சொன்னபடி, இந்தத் தடவை லேப்டாப்பாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஆன்லைனில் பார்த்தபோது மூவாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. ஆனால் ஆன்லைன் வியாபாரத்தால் சில்லறைக் கடைகள் படும் பாட்டைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் மேடையேறிப் பேசிவிட்டு, நாமே அங்கே வாங்குவது முறையாகுமா? உள்ளூர்க் கடையில்தான் வாங்கினோம். விலை ரூ.54,000, வரி 18 சதவீதம், அதாவது ரூ.9,720. வியாபாரத்துக்கு என்று நம் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வாங்கியதால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடிந்தது. கடையில் ஒரு தம்பி சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். டாலியை ஏற்றி, பழைய கணக்கை மாற்றி, பிரிண்டரை இணைத்து, மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் திறந்ததும் நம் கண் போனது எடையின் மேல். பெட்டியில் 512 ஜி.பி. என்று அச்சிட்டிருந்தார்கள். திரையில் 476 என்று காட்டியது. நூற்றுக்கு ஏழு பங்கு குறைவு! வத்தல் மூட்டையில் இப்படி விழுந்தால் லாரியை நிறுத்திவைத்துப் பேசமாட்டோமா? கடைக்காரருக்குப் போன் போட்டு, "என்ன தம்பி, எடை குறையுதே?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். ஆடிட்டரின் உதவியாளர்தான் விளக்கினார். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார்களாம்; விண்டோஸ் 1,024 என்ற கணக்கில் எண்ணுகிறதாம். அளவு ஒன்றுதான், எண்ணுகிற முறைதான் வேறு. அந்தக் காலத்தில் சென்னை மணங்கு வேறு, வங்காள மணங்கு வேறு என்று நம் தகப்பனார் சொல்வது நினைவுக்கு வந்தது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனாலும் பெட்டியின் மேல் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கணக்குப்பிள்ளையின் குறை வேறு. வலது கை ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக இருந்த கட்டைகள் இதில் இல்லை. கீபோர்டைப் பார்க்காமல் தொகை அடித்துப் பழகிய மனிதர், ஒவ்வொரு எண்ணையும் மேல் வரிசையில் தேடினார். முதல் வாரத்தில் 1,450 என்பது 1,540 ஆன பில்கள் இரண்டு. நானூறு ஐந்நூறு ரூபாயில் தனியாக ஒரு நம்பர் பேட் கிடைக்கிறது. வாங்கி மாட்டியதும் சரியாயிற்று. வாங்கப் போகும்போதே கணக்கு எழுதுகிறவரைக் கூட அழைத்துப் போங்கள். முதலாளிக்குப் பிடித்த பெட்டி கணக்குப்பிள்ளைக்கு உதவாது. பழைய எழுத்துருவில் வைத்திருந்த தமிழ் விலைப்பட்டியல் புதிய பெட்டியில் கிறுக்கலாக வந்ததும், வைரஸ் வந்துவிட்டது பணம் கட்டுங்கள் என்று தினமும் ஒரு சதுரம் எழுந்து பயமுறுத்தியதும் சில்லறைத் தொல்லைகள். அந்தச் சதுரம் முப்பது நாள் இலவசமாகக் கொடுத்த மென்பொருளின் விளம்பரம். விண்டோஸிலேயே வைரஸ் தடுப்பு இருக்கிறது என்று தெரிந்து அதை எடுத்துவிட்டோம். நல்லதையும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் பழைய பெட்டி பாதி பில்லில் அணைந்துவிடும். இதில் அந்தப் பயம் இல்லை.

இப்படி இருக்கையில், நவம்பர் 17-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் லேப்டாப் உயிர் பெறவில்லை. வாங்கி இருபது நாள் கூட ஆகவில்லை. வாரண்டி இருந்தபடியால் 19-ஆம் தேதி மதுரையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, மதர்போர்டை ஒரு பைசா வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். அதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. பெட்டியைப் போட்டதும் நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க எண் கேட்டது.

"சாவி நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பொறியாளர்.

"எந்தச் சாவி?" என்றோம்.

அவர் நம்மைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

இப்போது வருகிற விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில், முதன்முதலாக மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றின் வழியே உள்ளே நுழைந்ததும், உள்ளே இருக்கும் தகவல் எல்லாவற்றுக்கும் தானாகவே ஒரு பூட்டு விழுந்துவிடுகிறது. பிட்லாக்கர் என்பது அந்தப் பூட்டு முறையின் பெயர். பெட்டி திருடு போனால் திருடன் நம் கணக்கைப் படிக்க முடியாது, நல்ல ஏற்பாடுதான். பூட்டு தினமும் தானாகத் திறப்பதற்கான ரகசியம் மதர்போர்டோடு சேர்ந்த ஒரு சிப்பில் இருக்கிறது. மதர்போர்டை மாற்றினால் ரகசியமும் போய்விடும். அப்போது மாற்றுச் சாவியாக 48 இலக்க எண் வேண்டும். அது முதலில் நுழைந்த கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். எண் கிடைக்காவிட்டால் தயாரித்த கம்பெனியாலும் திறக்க முடியாது; எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது ஒன்றுதான் வழி.

நம் லேப்டாப்பில் முதலில் நுழைந்த கணக்கு நம்முடையது அல்ல. கடைத் தம்பி அவசரத்துக்குத் தம்முடைய மின்னஞ்சலைப் போட்டு முடித்திருக்கிறார்.

உள்ளே என்ன மாட்டிக்கொண்டது என்பதைக் கேளுங்கள். அக்டோபர் வரை உள்ள கணக்கு பழைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. 20-ஆம் தேதி கட்ட வேண்டிய 3-பி ரிட்டர்னுக்கு ஆபத்து இல்லை. நவம்பரில் நாம் போட்ட பில்கள் இ-இன்வாய்ஸ் என்பதால் அரசாங்கத்தின் இணையதளத்தில் இருந்தன. அதாவது வரிக்கு உரிய விவரம் எல்லாம் அரசாங்கத்திடம் இருந்தது. எவரிடமும் இல்லாதது ஒன்றே ஒன்று: லைன் வசூல். சுற்றுவட்டாரத்தில் நூற்று நாற்பது மளிகைக் கடைகள் நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கின்றன. யார் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்ற பதினேழு நாள் வரவு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. முன்பெல்லாம் வசூல் சிட்டைகளைக் கணக்கில் ஏற்றிய பிறகும் கம்பியில் குத்தித் தொங்கவிடுவோம். புது லேப்டாப் வந்ததும், "இனி எதுக்குப்பா குப்பை?" என்று மகன் சொன்னான். நாமும் சரி என்றோம். பென்டிரைவில் நகல் எடுக்கும் சனிக்கிழமை வழக்கமும், புதுப் பெட்டிதானே என்ற தைரியத்தில் நின்றுபோயிருந்தது. இந்த இரண்டு தவறும் நம்முடையவை. கடைக்காரர் மேல் போட முடியாது.

நூற்று நாற்பது கடைக்காரர்களிடம் போய், "தீபாவளிக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று எந்த முகத்தோடு கேட்பது? உள்ளதைச் சொல்லக்கூடியவர்கள்தான் அவர்கள். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மொத்த வியாபாரியின் கணக்கு தொலைந்துவிட்டது என்ற பேச்சு ஒருமுறை தெருவில் இறங்கிவிட்டால், அதற்கு அடுத்த வருடம் அனுப்புகிற நிலுவைப் பட்டியலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அன்று இரவு நாம் சரியாகத் தூங்கவில்லை.

விற்ற கடைக்காரரைக் கேட்டோம். "அது கம்பெனி விஷயம் அண்ணாச்சி, அந்தப் பையன் வேலையை விட்டு நின்னுட்டானே" என்றார். பையனின் போன் நம்பரைக் கொடுக்கவே அரை நாள் ஆயிற்று. 20-ஆம் தேதி மாலையில் பேசக் கிடைத்தார். திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டாராம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டிருக்கிறார்.

"சாமி, எங்க கடைச் சாவி உங்ககிட்டதான் இருக்குதாம்" என்றோம்.

அவர் பதறிவிட்டார். உடனே தம் கணக்கைத் திறந்து பார்த்தார். திரையில் காட்டிய சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை மகன் வாசிக்க, அவர் ஒப்பிட்டுப் பார்த்து, 48 இலக்கத்தையும் ஆறு ஆறாகச் சொன்னார். கணக்குப்பிள்ளை எழுதினார். பெட்டி திறந்தது. அந்தத் தம்பி மேல் நமக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கோபமெல்லாம் "கம்பெனி விஷயம்" என்ற அந்தச் சொல்லின் மேல்தான். இரும்புப் பெட்டி விற்கிறவர், சாவியைத் தம் கடைப் பையனின் சட்டைப்பையில் விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் வண்டியில் ஏற்றி அனுப்பினால் ஒப்புக்கொள்வோமா? பில் போட்டுப் பணம் வாங்கிய பொருளைத் திறக்கும் உரிமையையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காதே என்று மகன் கேட்டான். உண்மைதான். அங்கே வாங்கியிருந்தால் நாமே தட்டுத்தடுமாறி நம் பெயரில் கணக்குத் திறந்திருப்போம். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் உதவியே இங்கே உபத்திரவம் ஆயிற்று. உதவி என்பதே நம் கடைகளின் மூலதனம் என்று சொல்லிக்கொள்கிற நாம், அதை அரைகுறையாகச் செய்தால் வாடிக்கையாளர் மூவாயிரம் ரூபாயை மிச்சப்படுத்திக்கொண்டு போய்விடுவார். கம்ப்யூட்டர் விற்கும் சங்க உறுப்பினர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வாங்குகிறவரின் மின்னஞ்சலிலேயே கணக்கைத் திறந்து, 48 இலக்கத்தை அச்செடுத்து, பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

வழக்குப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வரி வரவுக்காக நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் கதவைத் தட்டினால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். ஆகவே வாங்குகிற அன்றே கேட்டு வாங்குவதுதான் நமக்கு வழி. வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் வரிசை எண்ணைப் போட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நமக்கு பில் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியதாகக் காட்டியது. பில் நகலை அனுப்பிய பிறகு திருத்தினார்கள்.

இப்போது நம் பெயரில் கணக்கு மாற்றி, பழைய பூட்டை நீக்கிவிட்டுப் புதுப் பூட்டாகப் போட்டுக்கொண்டோம். புதிய 48 இலக்கம் காகிதத்தில் எழுதப்பட்டு, பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பென்டிரைவ் நகல் தினமும் கடை அடைக்கும்போது எடுக்கப்படுகிறது. சிட்டைக் கம்பியும் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. மகன் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. அன்று அந்தத் தம்பி தம் கணக்கைத் திறந்தபோது நம் சாவி மட்டும் இல்லை. மொத்தம் எட்டுச் சாவிகள் இருந்தன. ஏழும் இதேபோல் அவர் போட்டுக் கொடுத்தவை. யார் யாருடையவை என்று கேட்டதற்கு மூன்று கடைகளின் பெயர்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த மூவருக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டோம். அதில் ஒருவர் கணக்கு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தார். மீதி நால்வர் யார் என்று தெரியவில்லை. 2025-இல் நம் ஊரில் லேப்டாப் வாங்கி, கடைப் பையனை வைத்தே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டவர்கள், செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' என்ற இடத்தைத் திறந்து, அங்கே இருக்கும் மின்னஞ்சல் யாருடையது என்று இன்றே பார்க்கவும். உங்களுடையது இல்லையென்றால் நம் கடைக்கு வாருங்கள். தம்பியின் சம்மதத்தோடு அவரைப் போனில் பேச வைக்கிறோம்.