நெஞ்செரிச்சலை அடக்கினால் போதுமா?

உண்டபின் நெஞ்சுக்குழியில் எரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டைவரை ஏறிவரும் புளிநீர். இவை அனைத்தையும் நம் இல்லங்களில் ‘வாயு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சோடாவோ, சுக்குக் கஷாயமோ, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோ அப்போதைக்குத் துணைசெய்கிறது. ஆயினும் எரிச்சல் அடங்குவது வேறு, நோய் தீர்வது வேறு.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. நாம் விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் கடமை. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலே எதுக்களிக்கிறது. அமிலத்தைத் தாங்கும் காப்பு இரைப்பைக்கு உண்டு; உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே அது புண்படுகிறது. உடற்பருமன், கருவுற்றிருத்தல், புகை, மது, வயிறு முட்ட உண்டு உடனே படுத்தல் ஆகியவை இத்துன்பத்தை மிகுவிக்கும். பல்லாண்டுகள் அமிலம் பட்டால், சிலருக்குக் குழாயின் உட்சவ்வே மாறுதலடையும். 1950-இல் இதுபற்றி எழுதிய இலண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரட்டின் பெயரால் இம்மாறுதல் வழங்குகிறது. அவர்களுள் மிகச் சிலருக்கு அது புற்றுநோயாக முற்றவும் கூடும்.

எரிச்சலும் எதுக்களிப்பும் தெளிவாயிருப்பின், மருத்துவர் பெரும்பாலும் சோதனையின்றியே ஏறத்தாழ 8 வாரம் ஓமிப்ரசோல் போன்ற மருந்தைத் தருவார். காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக அதனை உண்ண வேண்டும். உணவுக்குப் பின் உண்டால் பயன் குறையும். குணம் கண்டபின் ஆண்டுக்கணக்கில் நாமே வாங்கி உண்பது தகாது. எவ்வளவு காலம் தேவை என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

விழுங்குதல் கடினமாதல், காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கரிய மலம், இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாமல் எண்டோஸ்கோப்பி சோதனை செய்தல் வேண்டும். அதில் புண் தென்படாமலும் துன்பம் நீடித்தால், மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, 24 மணி நேரம் அமிலத்தின் அளவைக் குறித்துப் பார்ப்பர்.

மருந்துடன் ஒழுங்கும் தேவை. இரவுணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களை 6 முதல் 8 அங்குலம் உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்குமேயன்றி நலம் விளையாது. இடப்புறம் சாய்ந்து உறங்குவது நன்று. மிகுந்த எடையைக் குறைத்தலும் புகையை விடுதலும் பெருந்துணையாகும். காரமோ, காப்பியோ, எது நமக்கு ஒவ்வவில்லையோ அதனை மட்டும் விலக்கினால் போதும்.

இறுதியாக, உயிர் காக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். மார்பை அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளருக்கும் இவை தெளிவாகத் தோன்றாமல், வெறும் அசீரணம் போலவும் வரக்கூடும். அவ்வேளையில் ‘வாயுதான்’ என்று சோடா கொடுத்துக் காத்திருத்தல் பெருந்தவறு. உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் எரிச்சல்தான் என்று தெரியவந்தால் நாணத் தேவையில்லை, மகிழ்ந்து வீடு திரும்பலாம். வீட்டிலிருந்தபடியே நாமாக முடிவுசெய்வதுதான் ஆபத்து.