பனி மூடிய கோதாவரி

மார்கழி பிறந்துவிட்டால் வைகறையில் ஊரின் தோற்றமே மாறிவிடுகிறது. காவிரிக் கரை ஊர்களில் வயல் எது, வாய்க்கால் எது என்று அறியவொண்ணாதபடி வெண்திரை விழுந்து கிடக்கும். கோபுரம் கண்ணுக்குப் புலப்படாது; ஆயினும் கோயில் மணியோசையும் திருப்பாவைப் பாராயணமும் பனியைக் கடந்து வீடு வந்து சேரும். முழங்கால் நோவினால் படியிறங்க இயலாத முதியோர் பலருக்கு அவ்வோசையே அன்றைய தரிசனம்.

சங்கல்பத்தில் மார்கழியும் தையும் ஹேமந்த ருது எனப்படுகின்றன. தமிழ் மரபு அதனை முன்பனிக் காலம் என்றது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டினைப் பனியின் பெயராலேயே வழங்கினர் முன்னோர். தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்கிறது. அதனை ஒட்டிய ஈரக் காற்றும் உடன் குளிர, அதிலுள்ள நீராவி கண்ணுக்கெட்டாத நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு சிறு துளிகளாகித் தரைமேல் மிதக்கிறது. 1 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவை தெரியாமற்போனால் அதுவே மூடுபனி என்பது வானிலை அறிஞர் கணக்கு. ஆற்றங்கரைகளில் அதற்கு வலிமை மிகுதி.

இதிகாசங்களிலும் ஆற்றங்கரைப் பனிக்குத் தனி இடம் உண்டு. யமுனையில் ஓடம் செலுத்திய சத்தியவதி, இரு கரையிலும் முனிவர்கள் நிற்கின்றனரே என்று நாணியபோது, பராசரர் தம் தவ வலிமையால் பனிமூட்டம் எழுப்பினார் என்கிறது மகாபாரதம். அந்நதியின் தீவில் அவதரித்தவரே வியாசர். துவைபாயனர் என்ற திருநாமம் அதனால் வந்தது. அன்று மூடிய இரகசியத்தை, குருவம்சம் வாரிசின்றி நின்ற வேளையில் சத்தியவதி தாமே பீஷ்மரிடம் திறந்துரைத்தார்.

ஆனால் பனியை அதன் முழு அழகோடு காண விரும்புவோர் வால்மீகி முனிவரின் ஆரணிய காண்டத்திற்குத்தான் செல்ல வேண்டும். சூர்ப்பணகை வருவதற்குச் சற்று முன்னதாக, அவசரமின்றி அமைந்த ஒரு சருக்கம் அது. கதை கேட்போர் பெரும்பாலும் அதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். சூர்ப்பணகையின் விறுவிறுப்பு அப்படி!

பஞ்சவடியில் சரத்காலம் கழிந்து ஹேமந்தம் வந்திருக்கிறது. பொழுது புலரும் நேரம். ஸ்ரீராமபிரான் நீராடக் கோதாவரிக்குச் செல்கிறார். சீதாபிராட்டி உடன் வர, கலசத்தைக் கையிலேந்தி இளைய பெருமாள் பின்தொடர்கிறார். அதிகம் பேசாத இலட்சுமணர் அன்று வாய் திறந்து பருவத்தின் அழகை வருணிக்கிறார். தண்ணீர் தொடமுடியாததாயிற்று, நெருப்பு இனியதாயிற்று. கதிரவன் தென்திசை சென்றதால் இமவான் என்ற பெயர் இப்போதுதான் பொருள் நிறைந்து விளங்குகிறது. மதி, மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியாய்த் தோன்றுகிறது. தாகத்தோடு வந்த யானை நீரைத் துதிக்கையால் தொட்டதும் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. நீர்ப்பறவைகள் கரையில் அமர்ந்திருந்தும் ஆற்றில் இறங்கவில்லை. பூவிழந்த காடு பனியிருளில் உறங்குவது போல் இருக்கிறது. ஆற்றையே ஆவி மூடிவிட்டதால், அங்கே நாரைகள் உண்டு என்பது அவற்றின் குரலால் மட்டுமே தெரிகிறது.

கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த வேளையில்தான் இலட்சுமணருக்குத் தொலைவில் உள்ள ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர் பரதர்.

இதே இலட்சுமணர் சித்திரகூடத்தில் மரத்தின் மீதேறிப் பார்த்தவர். வானம் வெளித்திருந்தது. கோவிதாரக் கொடி தெளிவாகத் தெரிந்தது. திரண்டு வரும் சேனையைக் கண்டு, பரதன் போருக்கு வருகிறான் என்று முடிவு கட்டி, அவனை அங்கேயே வதைப்பேன் என்று கொதித்தார். அண்ணன் தேற்றியதால்தான் அடங்கினார். பத்தாண்டுகளுக்கும் மேல் கடந்தன. இப்போது பஞ்சவடியின் குளிரில் அவர் மனம் உருகுகிறது. அரசையும் போகத்தையும் துறந்து, உணவைக் குறைத்து, குளிர்ந்த தரையில் படுக்கிறாரே பரதர். சுகத்தில் வளர்ந்த அந்த மெல்லிய உடல், விடியுமுன் சரயுவில் எப்படி மூழ்கும் என்று வருந்துகிறார். தம் கையில் குடம். தாம் இறங்க வேண்டியதும் அதே குளிர்ந்த நீர்தான். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

உருகிய அதே வேகத்தில் கைகேயியின் மீது சினமும் பிறக்கிறது. தசரதரைக் கணவராகவும் பரதரை மகனாகவும் பெற்றவள் எப்படி இத்தனைக் கொடியவளானாள் என்கிறார். ஸ்ரீராமர் அதைப் பொறுக்கவில்லை. நடுத்தாயாரைப் பழிக்கலாகாது, பரதனைப் பற்றியே பேசு என்று தடுத்துவிடுகிறார். அத்தோடு நில்லாமல் தம் மனத்தையும் வெளியிடுகிறார். வனவாசத்தில் உறுதிகொண்ட தம் நெஞ்சு, பரதனை நினைத்தால் மட்டும் குழந்தையாகிவிடுகிறதாம். பரதனோடும் சத்ருக்னனோடும் என்று ஒன்றுசேர்வோம் என்று ஏங்குகிறார். சத்தியத்தின் பொருட்டு நாட்டை விட்டபோதும் கலங்காத பெருமான், தம்பிக்காகக் கலங்குவதை அருகில் நின்று கேட்டவர்கள் சீதாபிராட்டியும் இலட்சுமணரும் மட்டுமே.

பேச்சு முடிவதற்குள் கோதாவரி வந்துவிடுகிறது. மூவரும் அக்குளிர்ந்த நீரில் இறங்கி நீராடுகின்றனர். பிதுர்களுக்கும் தேவர்களுக்கும் தர்ப்பணம் செய்து, உதிக்கும் சூரியனைத் துதிக்கின்றனர். சீதையோடும் இலட்சுமணரோடும் நீராடிக் கரையேறிய ஸ்ரீராமரை, மலையரசன் மகளோடும் நந்தியோடும் நீராடி எழுந்த ருத்திரனுக்கு ஒப்பிட்டுச் சருக்கத்தை நிறைவு செய்கிறார் வால்மீகி முனிவர்.