இரண்டாவது அட்டை எதற்கு?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. வால்பாறையில் பகல் மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டிய அளவுக்கு மூடுபனி. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் நனைந்த குடையுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தாயும் தந்தையும் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் தன் சேமிப்பைக் கொண்டு அவனுக்குப் புதிய மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கித் தந்திருந்தான். படங்களை வேகமாகக் கையாளும் 'கிராபிக்ஸ் கார்டு', அதாவது வரைகலை அட்டை ஒன்றும் அதில் இருந்தது.

"சார், இதே மாதிரி இன்னொரு கார்டு போட்டா வேகம் ரெண்டு மடங்கு ஆகிடுங்களா? அண்ணன் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாருங்க."

கடையில் சொன்ன விலை கால் லட்சம் ரூபாய். அவனுடைய அண்ணன் எத்தனை இரவுகள் கூடுதல் வேலை பார்த்தால் அந்தத் தொகை சேரும் என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஆகவே அவன் கேள்விக்கு விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியாது. உங்களுள் பலருக்கும் இதே ஆசை இருக்கக்கூடும் என்பதால் அவனிடம் சொன்னதை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய கணிப்பொறிக்கு இரண்டாவது வரைகலை அட்டை என்பது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பெரும்பாலோருக்கு அந்தக் கடைசி வருவதே இல்லை.

முதலில் அந்த அட்டை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கணிப்பொறியின் முதன்மைச் செயலியில் ஆறோ எட்டோ உட்கருக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை. எந்தச் சிக்கலான வேலையையும் செய்யும். வரைகலை அட்டையிலோ சிறு கணக்கிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மாணவனிடம் இருந்த ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் அட்டையில் அவை 3584. அவற்றுக்குத் தனித்தனி அறிவு குறைவு. ஆனால் ஒரே வகைப் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே சமயத்தில் ஆயிரம் எண்களின்மேல் செய்துவிடும். திரையில் படம் தீட்டுவதற்காகத் தோன்றிய இந்த அமைப்பு, படங்களை அடையாளம் காணக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் வேலைக்கும் பொருந்திப் போயிற்று. அந்த வேலையும் அடிப்படையில் அணிப்பெருக்கல்தான். பள்ளியில் நீங்கள் முகம் சுளித்துக்கொண்டே போடுகிறீர்களே, அதே அணிகள்.

நம் மாணவனின் நோக்கம் நல்ல நோக்கம். யானையின் படத்தைக் காட்டினால் 'யானை' என்று சொல்லும் நிரல் ஒன்றை அவன் எழுதிக்கொண்டிருந்தான். வால்பாறையில் வளர்ந்தவனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். மேலும், கோவைக்கு அருகில் மதுக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதே பகுதியில் 2024 பிப்ரவரியில் வனத்துறை 12 கோபுரங்களில் 24 காமிராக்களைப் பொருத்தி, யானையைக் கணிப்பொறியே கண்டுகொண்டு எச்சரிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அவனுக்கு இதே நினைவு.

"உன் நிரல் ஒரு சுற்றுக் கற்க எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் சார்."

"அந்தப் பத்து நிமிடத்தில் அட்டை எவ்வளவு நேரம் வேலை செய்கிறது?"

அவனுக்குத் தெரியவில்லை. அளந்து பார்த்திருக்கவில்லை. இயற்பியல் வகுப்பில் அளவியை எடுக்காமல் விடை எழுதுகிறவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். மறுநாள் அளந்துகொண்டு வந்தான். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் படங்களைத் தட்டிலிருந்து படித்து விரித்துக் கொடுப்பதிலேயே போகிறது. அது முதன்மைச் செயலியின் வேலை. அட்டை உழைப்பது நான்கு நிமிடம்தான். மற்ற நேரம் அது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டாவது அட்டை வந்தால் அந்த நான்கு நிமிடம் இரண்டாகும். ஆறு நிமிடம் ஆறாகவே இருக்கும். மொத்தம் எட்டு நிமிடம். கால் லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் இலாபம் இரண்டு நிமிடம்! நூறு அட்டைகளைச் சேர்த்தாலும் ஆறு நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியாது. ஜீன் அம்டால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் 1967ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய உண்மை இது. ஒரு வேலையில் பகிர்ந்துகொள்ள முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே வேகத்துக்கு எல்லை கட்டுகிறது.

வால்பாறைக்காரர்களுக்கு அம்டால் வந்து சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்திருக்கிறீர்கள். பறித்து வந்த கொழுந்தை முதலில் மணிக்கணக்காக வாட்ட வேண்டும்; பிறகு அரைக்க வேண்டும்; பிறகு நிறம் மாறும்வரை காற்றாட வைத்து, கடைசியில் உலர்த்த வேண்டும். உலர்த்தும் எந்திரம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதுவும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அரைக்கும் எந்திரம் இன்னொன்று வாங்கினால் தூள் கூடுமா? அரைத்த இலை குவிந்து வீணாவதுதான் மிச்சம். எந்த இடத்தில் வரிசை தேங்குகிறதோ அந்த இடத்தில் கை வைக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் அட்டையைத் தொடாமல் தட்டிலிருந்த படங்களைத் தொட்டோம். அவன் சேகரித்த படங்கள் ஒவ்வொன்றும் நாலாயிரம் புள்ளி அகலம். ஆனால் அவன் பயன்படுத்திய கற்கும் நிரல் பார்ப்பதோ 224க்கு 224 புள்ளி கொண்ட சிறு சதுரத்தைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பெரிய படத்தையும் விரித்து, சுருக்கி, ஊட்டிக்கொண்டிருந்தது முதன்மைச் செயலி. எல்லாப் படங்களையும் ஒருமுறை மட்டும் சுருக்கி வைத்துக்கொண்டோம். ஒரு மாலை வேலை. ஆறு நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது. முழுச் சுற்றும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. ஏறத்தாழ அவன் கேட்ட இரண்டு மடங்கு வேகம். செலவு எதுவுமில்லை.

"இப்போ அட்டைதான் முக்கால்வாசி நேரம் ஓடுது. இனி ரெண்டாவது போட்டா பயன் உண்டில்லீங்களா?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி. நல்ல மாணவன் இப்படித்தான் கேட்பான்.

பயன் உண்டு, ஆனால் பாதிப் பயன். இரண்டு அட்டைகளும் ஆளுக்குப் பாதிப் படங்களைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் ஒன்று கற்ற திருத்தத்தை மற்றதற்குச் சொல்லி, இருவரும் சராசரி கண்டு, பிறகுதான் அடுத்த தொகுதிக்குப் போக முடியும். இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் பாதை எவ்வளவு அகலம்? தாய்ப்பலகையின் முதல் செருகுவாயில் 16 தடங்கள் உண்டு. நான்காம் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறையில் தடம் ஒன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் வீதம் 32 கிகாபைட் செல்லும். விலை குறைந்த பலகைகளில் இரண்டாவது செருகுவாயும் பார்ப்பதற்கு அதே நீளம்தான். உள்ளே பெரும்பாலும் 4 தடங்களே. ஆழியாறிலிருந்து நம் ஊருக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துகளை இரட்டித்தால் என்ன ஆகும் என்பதை விடுமுறை நாள்களில் கண்டிருப்பீர்கள்.

அட்டைகளை இரட்டிக்கும் ஆசை புதிதன்று. 1998இல் 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் வூடு 2 அட்டைகள் இரண்டை இணைத்து, திரையின் ஒரு வரியை ஒன்றும் அடுத்த வரியை மற்றொன்றும் தீட்டச் செய்தார்கள். 2004இல் என்விடியா நிறுவனமும், மறு ஆண்டு ஏ.டி.ஐ. நிறுவனமும் தம் வழியில் இதையே செய்தன. விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஒவ்வொரு விளையாட்டையும் அதற்கென்று தனியே திருத்தி எழுத வேண்டியிருந்தது. படம் விட்டுவிட்டுத் துள்ளியது. மெல்ல மெல்ல அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நம் மாணவன் கையில் இருந்த அட்டையில் இரண்டை நேரடியாகப் பிணைக்கும் வசதியே கிடையாது. விளையாட்டுக்காக இரண்டாவது அட்டை கேட்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்: வேண்டாம்.

அப்படியானால் பல செயலிகளைச் சேர்த்து உழைக்க வைப்பதே வீண் என்று எண்ணிவிடாதீர்கள். 1988இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் 1991இல் அளித்த பரம் 8000 மீக்கணிப்பொறி, பல சிறு செயலிகளைச் சேர்த்துக் கட்டியதுதான். வேலையை எப்படிப் பங்கிடுவது, பங்காளிகள் எப்படிப் பேசிக்கொள்வது என்பதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் அவ்வகைக் கணிப்பொறியைக் கட்ட முடியும். நாமோ முதலில் கடைக்குப் போகிறோம்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். அந்த அட்டை முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். இரண்டு என்றால் 340. மற்ற உறுப்புகளையும் சேர்த்தால் 500 வாட்டை நெருங்கும். அத்தனையும் கடைசியில் வெப்பம்தான்; ஓர் அறையில் சிறு ஹீட்டரை வைத்ததற்குச் சமம். ஜூலை மாத வால்பாறையில் அது ஒருவேளை சுகமாகக்கூட இருக்கலாம்! ஆனால் இரண்டு அட்டைகளும் ஒட்டி நிற்கும்போது மேலே உள்ளது கீழே உள்ளதன் சூட்டையே மூச்சாக இழுக்கிறது. சூடு மீறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இன்னொரு நுட்பம். பழைய குண்டு பல்பு மின்னழுத்தம் குறைந்தால் மங்கி, குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். கணிப்பொறியின் மின்வழங்கி அப்படி அன்று. அதற்கு வேண்டிய வாட் மாறாது. ஆகவே மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கும். 230 வோல்ட்டில் 500 வாட்டுக்கு 2.2 ஆம்பியர், 160 வோல்ட்டாகக் குறைந்தால் 3.1 ஆம்பியர். எஸ்டேட் லயன் வீடுகளின் பழைய கம்பிகளையும் தளர்ந்த பிளக்குகளையும் நினைத்துப் பார்த்தே இதைச் சொல்கிறேன். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். நான் முன்பு பணியாற்றிய கல்லூரி ஒன்றில் இரட்டை அட்டைக் கணிப்பொறி ஒன்றைப் பெருமையாக வாங்கினார்கள். வேலை சூடுபிடிக்கும் நேரத்திலெல்லாம் அது அணைந்து போகும். மின்வழங்கியின் அளவை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அது துணி போர்த்தியபடியே இருந்தது. (மலைக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு குறிப்பு: கனமான அட்டையைச் செருகியபடியே பேருந்தில் ஏற்றாதீர்கள். கழற்றித் தனியே கொண்டுவாருங்கள்.)

கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் நம் மலையிலேயே இருக்கிறது. ஆயினும் மழையில் ஒரு மரம் சாய்ந்தால் நமக்கு இருட்டுதான். இரண்டாவது அட்டைக்கு முன்னால் நல்ல யு.பி.எஸ். ஒன்றை வாங்கு என்று நான் சொல்வது அதனால்தான்.

எப்போது இரண்டாவது அட்டை நியாயம்? கற்கும் நிரலே ஓர் அட்டையின் நினைவகத்துக்குள் அடங்காதபோது. எழுநூறு கோடி எண்களைக் கொண்ட மொழி நிரலில் எண்ணுக்கு 2 பைட் என்றால் 14 கிகாபைட் வேண்டும். 12 கிகாபைட் அட்டையில் அது நுழையாது. பாதியை இதிலும் பாதியை அதிலும் வைக்கலாம். அப்போதும் எண்களைச் சுருக்கி எழுதி ஒன்றிலேயே அடக்க முடியுமா என்று முதலில் பார்ப்பது நலம். இரண்டு மாணவர்கள் இரண்டு வேறு சோதனைகளை ஒரே கணிப்பொறியில் நடத்த வேண்டுமானாலும் இரண்டு அட்டை சரிதான். இப்படி ஒரு தேவை வரும்வரை, எப்போதாவது கூடுதல் வலிமை வேண்டுமானால் கூகுள் கோலாப் போன்ற இடங்களில் சில மணி நேரம் இலவசமாகவே அட்டை கிடைக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. அவன் சேகரித்திருந்த படங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி ஆப்பிரிக்க யானைகள்! முறம் போன்ற பெரிய காதுகள், பளீரென்ற வெயில், மஞ்சள் புல்வெளி. நம் ஊரில் அந்தி மயங்கும் நேரத்தில், மூடுபனியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் யானை எப்படி இருக்கும்? சாம்பல் நிற மேடு போல இருக்கும். அது நம்மவர் எதிரில் நிற்பது அந்த நேரத்தில்தான். அதைக் கண்டுகொள்ளப் பத்து அட்டைகள் போட்டாலும் அந்த நிரலுக்குத் தெரியாது. அது பனியையே பார்த்ததில்லை.

வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் யானைகள் இருக்குமிடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும், கைப்பேசியாலேயே இயங்கும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவித்து வருவதை அவனுக்கு நினைவூட்டினேன். அந்தப் பணிக்காக அவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. அந்த ஏற்பாட்டின் வலிமை எந்த அட்டையிலும் இல்லை. யானை எங்கே நிற்கிறது என்ற சரியான தகவல், நேரத்துக்குக் கிடைப்பதில் இருக்கிறது.

அவன் அண்ணனுக்குக் கடிதம் போல நீண்ட குறுஞ்செய்தி ஒன்று எழுதினான். யு.பி.எஸ். மட்டும் வந்தது. யானையைப் படமெடுக்கத் தனியே போகக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், எஸ்டேட் காவலர்கள் தம் கைப்பேசிகளில் எடுத்து வைத்திருந்த பனிக்காலப் படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தான். சென்ற வாரம் மறுபடி வந்தான். நிரல் இப்போது பனியில் நிற்கும் யானையைக் கண்டுகொள்கிறதாம். ஆனால் மழையில் நனைந்த பாறைகளையும் யானை என்கிறதாம். இப்போது பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறான்.