இன்சுலின் பெட்டியில் ஏறாத கருவி



மருந்து விநியோகத்துக்குப் பிளாக்செயின் வந்துவிட்டது, வண்டிக்கு வண்டி இணையத்தோடு பேசும் வெப்பமானி வைத்தாயிற்று, இனி போலி மருந்துக்கும் கெட்டுப்போன மருந்துக்கும் வழியே இல்லை என்று மேடைதோறும் பேசி வருகிறார்கள். இந்த இதழிலும் அந்தச் செய்திகளைப் படிக்கிறேன். மருந்து விநியோகப் பாதையின் கடைசி முனையில் நிற்கும் சில்லறை மருந்துக் கடைக்காரன் நான். சென்ற வாரம் என் கடைக்கு வந்த ஒரு பெட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

கத்திரி வெயில் நேரம். பார்சல் சர்வீஸ் பையன் இறக்கி வைத்த தெர்மோகோல் பெட்டியின் மூலையில் நீர் கசிந்து, சுற்றியிருந்த அட்டை ஊறிப் போயிருந்தது. திறந்தால் ஜெல் பேக்குகள் முழுக்க உருகித் தொளதொளவென்று கிடக்கின்றன. நடுவில் இன்சுலின். 2 முதல் 8 டிகிரிக்குள் வந்து சேர வேண்டிய சரக்கு அது. கடை ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் வெப்பமானியை எடுத்துப் பெட்டிக்குள் செருகினேன். 31 டிகிரி காட்டியது. மேலே ஒட்டியிருந்த கியூஆர் கோடை போனில் பிடித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் கிளம்பியதிலிருந்து வரிசையாகப் பச்சை டிக். கடைசிப் பதிவு 4.8 டிகிரி.

விசாரித்ததில் சங்கதி தெரிந்தது. டேட்டா லாகர், அதாவது வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி, பெரிய வண்டியின் குளிர் அறைச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த வண்டி மதுரை டெப்போவோடு சரி. அங்கிருந்து எங்கள் ஊர்ப் பெட்டிகளைச் சாதாரண பார்சல் லாரியில் ஏற்றிவிட்டார்கள். கருவியோ வண்டியிலேயே இருந்து, அந்தக் குளிர் அறையின் வெப்பநிலையைச் சரியாகத்தான் அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பேட்ச் நம்பரோடு கட்டி வைத்திருப்பதால், தார்ச்சாலையில் வெந்துகொண்டிருந்த என் பெட்டியின் கணக்கிலும் 4.8 என்றே ஏறிவிட்டது.

ஸ்டாக்கிஸ்ட் கடைக்குப் போன் போட்டேன். “அண்ணாச்சி, சிஸ்டத்துல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. பிளாக்செயின்ல ஏறுனா ஏறுனதுதான், யாராலயும் மாத்த முடியாது. கம்பெனிக்காரன் ரிட்டர்ன் எடுக்க மாட்டான்” என்றார் அங்கிருந்த தம்பி. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் ஒன்றும் இல்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முறையிட்டதற்குக் கிடைத்த பதில்தான் வயிற்றெரிச்சல்: “டிஜிட்டல் ரெக்கார்டு சரியா இருக்கே, நீங்க கடையில வெளிய வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்?” இத்தனை வருஷம் நேர்மையாகத் தொழில் செய்தவனைப் பார்த்து, சுவரில் மாட்டிய ஒரு கருவியை நம்பி, நீ பொய்யன் என்கிறார்கள். என் கையில் இருந்த வெந்த பெட்டியை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

பிளாக்செயின் என்பது என்ன செய்யும்? ஒரு பதிவு ஏறும்போது முந்தைய பதிவின் முத்திரை அதில் பின்னப்படுகிறது. நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்னால் வருவதெல்லாம் பொருந்தாமல் போகும். பல கணினிகளில் பிரதி இருப்பதால் திருட்டுத்தனமாக மாற்றுவதும் கடினம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏறிய பதிவை அது காக்குமே தவிர, ஏறியது உண்மையா என்று கேட்காது. முன்பு பேரேட்டில் தவறு இருந்தால் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடலாம். இப்போது திருத்தம் எழுதும் உரிமை பிளாக்செயினில் சேர்ந்திருப்பவர்களுக்கு மட்டும், எனக்கு இல்லை.

2018-இல் நிதி ஆயோக் மருந்து விநியோகத்தில் பிளாக்செயினைப் புகுத்தும் முயற்சியைத் தொடங்கியபோது ஆரக்கிள், அப்போலோ மருத்துவமனை, ஸ்டிரைட்ஸ் ஃபார்மா ஆகியவற்றோடுதான் கைகோத்தது. மென்பொருள் கம்பெனி, பெரிய மருத்துவமனை, தயாரிப்பாளர். தெருமுனைக் கடைக்கு அதில் இடமில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்குக் கட்டாயமாக்கிய மருந்து லேபிள் கியூஆர் கோடும் தயாரிப்பாளர், பேட்ச், காலாவதித் தேதி போன்றவற்றைச் சொல்லும். வழியில் மருந்து பட்ட பாட்டைச் சொல்லாது.

வெயிலில் வெந்த இன்சுலின் பல சமயம் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். வீரியம் மட்டும் போயிருக்கும். அன்று மாலை மருந்து வாங்க வந்த பாட்டியை வெறுங்கையோடு அனுப்பினேன். விற்றிருந்தால் என்ன ஆகும்? சர்க்கரை ஏறும். வாயைக் கட்டவில்லை என்று மகன் திட்டுவான். டாக்டர் அளவைக் கூட்டி எழுதுவார். குற்றவாளி மருந்துதான் என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் சங்கிலி பச்சையாக இருக்கிறது.

2025-இல் நடந்த இருமல் மருந்துக் கொடுமையைச் சொல்லி, பிளாக்செயின் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று சிலர் வாதாடுகிறார்கள். கொஞ்சமும் ஏற்க முடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைக் கண்டுபிடித்தது நம் மாநில ஆய்வகம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். ஆலைக்குள் போய்ப் பார்த்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்கள். அத்தனையையும் முன்னமே ஒரு மருந்து ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகாத ஆய்வாளரின் வேலையை எந்தச் சங்கிலி செய்யும்?

சின்னக் கடைக்காரர்கள் தொழில்நுட்பத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பார்கள். என் கடையில் பில், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் கணினியில்தான். பெட்டிக்குப் பெட்டி லாகர் வைத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். போலியோ சொட்டு மருந்துக் குப்பியைப் பாருங்கள். 1996 முதல் அதன் மேல் வெப்பம் காட்டும் சிறு வட்டம் ஒட்டி வருகிறது. நடுவில் உள்ள சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். கிராமச் செவிலியர் அதைக் கண்ணால் பார்த்தே முடிவெடுக்கிறார், இணையம் தேவையில்லை. அதே தடுப்பூசித் துறையில் அரசின் ‘இவின்’ திட்டமும் இருக்கிறது. குளிர்பெட்டியில் சிம் பொருத்திய கருவி, வெப்பம் ஏறினால் பொறுப்பாளரின் போனுக்கு எச்சரிக்கை. எச்சரிக்கைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், அதனால் அந்தக் கருவிக்கு அர்த்தம் இருக்கிறது. இன்சுலின் பெட்டிக்கு அப்படி யார் இருக்கிறார்?

கருவி வண்டியில் இருக்கக் கூடாது; பெட்டிக்குள் இருந்து என் மேஜை வரைக்கும் வர வேண்டும். முடியாவிட்டால் இன்சுலினுக்கேற்ற வெப்ப ஸ்டிக்கராவது ஒட்டட்டும். சரக்கை வாங்கும் கடைக்காரர் தன் ஆட்சேபத்தை அதே பிளாக்செயினில் ஏற்ற உரிமை வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தில் வெப்பம் 8 டிகிரிக்கு மேல் இருந்தால், திரையில் என்ன நிறம் இருந்தாலும், நிறுவனம் சரக்கைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட வேண்டும். அது வரும் வரை இந்தப் பிளாக்செயின் திட்டத்தை மற்ற மருந்துகளுக்கு விரிக்கக் கூடாது.

இன்சுலின் வாங்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திறக்காத புது மருந்து கையில் ஜில்லென்று இல்லாவிட்டால், எந்தக் கடையாக இருந்தாலும், என் கடையாகவே இருந்தாலும், வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் நம்பர் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி