அழுதால் தீருமோ பழி?

ஒரு நாவலைப் படித்து அழுதோம் என்று சொல்லிக்கொள்வதில் வாசகர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. காலித் ஹொசெய்னி ஆங்கிலத்தில் எழுதி 2003இல் வெளிவந்து, ‘பட்ட விரட்டி’ என்னும் பெயரில் தமிழிலும் கிடைக்கும் ஆப்கானிய நாவலைப் பற்றி உலகெங்கும் வாசகர்கள் சொல்வது இதுதான்: படித்தோம், குமுறி அழுதோம், முடித்தபோது மனம் இலேசாகிவிட்டது. அவர்கள் அழுததை நாம் குறைகூறவில்லை. மனம் இலேசானதையே குறைகூறுகிறோம்.

கதையை அறியாதோர்க்குச் சுருக்கிச் சொல்வோம். காபூல் நகரத்துச் செல்வர் ஒருவரின் மகன் அமீர். அவ்வீட்டு வேலைக்காரனின் மகன் ஹசன். ஒருவன் ஆதிக்கம் மிக்க பஷ்தூன் இனத்தவன். மற்றவன் இழிவாக நடத்தப்படும் ஹசாரா இனத்தவன். இருவரும் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஒன்றாகப் பட்டம் விடுகிறார்கள். ஆயின் ஒருவன் பள்ளிக்கூடம் போகிறான். மற்றவன் அவனுடைய உடுப்பை அழுத்திக் கொடுக்கிறான். 1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அறுந்த பட்டம் ஒன்றை அமீருக்காக எடுக்கப்போன ஹசனை ஓர் ஒழுங்கையில் மடக்கிச் சீரழிக்கிறார்கள். ஒழுங்கை முகப்பில் நின்று அதனைப் பார்த்த அமீர் வாய் திறவாது ஓடிவிடுகிறான். பின்னர் நண்பனின் முகத்தில் விழிக்கமாட்டாமல், தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் அவனுடைய படுக்கையின் கீழ் ஒளித்து, திருட்டுப் பழி சுமத்தி, அவனும் தகப்பனும் வீட்டைவிட்டே போகும்படி செய்கிறான். கால் நூற்றாண்டு கழிகிறது. அமெரிக்காவில் எழுத்தாளனாகிவிட்ட அமீர், ஹசன் தன் தந்தைக்கே பிறந்தவன் என்பதையும், தலிபான்கள் அவனைச் சுட்டுக் கொன்றதையும் அறிகிறான். 2001இல் காபூல் சென்று ஹசனின் அநாதை மகனை மீட்டுவருகிறான்.

இங்கே வாசகர் யாருக்காக அழுகிறார்? ஹசனுக்காகவே என்று அவர் எண்ணுகிறார். கூர்ந்து நோக்கின் உண்மை வேறாகத் தெரியும். கதை முழுவதும் அமீரின் வாய்மொழி. உறக்கமின்றித் தவிப்பவன் அவன். நெஞ்சு குத்துபவன் அவன். மீட்சி தேடி அலைபவனும் அவனே. ஹசனுக்குக் கோபம் உண்டா, வெறுப்பு உண்டா, தன் வாழ்வைப் பற்றித் தனக்கென ஒரு கருத்து உண்டா? அவன் நல்லவனாக இருக்கிறான்; அடி வாங்குகிறான்; சாகிறான். அவனிடம் மன்னிப்பு ஒருநாளும் கேட்கப்படவில்லை. மன்னிக்கவேண்டியவன் மண்ணுக்குள் கிடக்க, மன்னிப்புப் பெற்ற உணர்வோடு அமீர் கலிபோர்னியாவில் பட்டம் விடுகிறான். அவன் தோளோடு தோள் நின்று வாசகரும் அந்த மன்னிப்பில் பங்கு கேட்கிறார்!

நாவலாசிரியருக்கு நாம் அநீதி செய்யக்கூடாது. மீட்கப்பட்ட சிறுவனை அவர் சிரித்து விளையாட விடவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அச்சிறுவன் எவரோடும் பேசுவதில்லை; கடைசியில் கிடைப்பதும் அரைகுறைப் புன்னகை ஒன்றே. ஆசிரியர் அவ்வளவு கஞ்சத்தனமாக அளந்து கொடுத்த ஆறுதலை வாசகர் குடம் குடமாக முகந்துகொள்கிறார். குற்றம் நாவலினும் வாசிப்பிலேயே மிகுதி.

அழுகையை நாம் பழிக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டினுள் அழுகைக்கும் இடமளித்து, இழிவு, இழப்பு, நிலைதாழ்தல், வறுமை என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாக வகுத்தது. ஆயின் அழுகையே கழுவாய் என்று எமது மரபு எங்கும் சொல்லவில்லை. இரவில் கதவைத் தட்டிய தவற்றுக்காகப் பாண்டியன் ஒருவன் தன் கையையே கொடுத்தான் என்பது கதை. கன்றை இழந்த பசுவின் முன் சோழன் கண்ணீர் விட்டு அரண்மனை திரும்பவில்லை. இக்கதைகளின் தண்டனை முறையை இன்று எவரும் போற்றவேண்டியதில்லை. பழி என்பது கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடன் என்னும் அறிவை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இந்நாவல் எம்மவர் நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானம் நிறையப் பட்டம் ஏற்றும் மக்கள் இவர்கள். 1981இல் நூலகம் எரியக் கண்டவர்கள்; 1983ஐயும் 2009ஐயும் கடந்தவர்கள்; ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் அகதி வாழ்வு வாழ்ந்தவர்கள். ஊரிழந்த அமீரின் துயரில் அவர்கள் தம்மைக் காண்கிறார்கள். அடிபட்ட ஹசனிலும் தம்மைக் காண்கிறார்கள். இரண்டுக்கும் அவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்த அமீரில் தம்மைக் காண்பவர் எத்தனை பேர்? துன்பப்பட்ட சமூகத்துக்கு இது ஒரு பெரும் பொறி. தான் பட்ட அடியின் நினைவு, தன் கண்முன் பிறர் பட்ட அடியை மறைத்துவிடுகிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி அறிவிப்பின் மூலம் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் அயலவர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள், சந்தையில் கொடுத்து வாங்கியவர்கள், நோன்புக் கஞ்சியும் பொங்கலும் பகிர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஒழுங்கை உண்டெனில் அது சோனகத் தெருவன்றோ?

“துப்பாக்கியின் முன் யார் பேசியிருக்க முடியும்?” என்று கேட்பர். நியாயமான கேள்வியே. ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வருள் ஒருவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஆசிரியருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தோர், சாதாரண மக்களின் அச்சத்தை எள்ளி நகையாடமாட்டார். ஒழுங்கையில் நின்றபோது அமீருக்கும் பன்னிரண்டு வயதுதான். அச்சத்தை மன்னிக்கலாம். அச்சம் நீங்கிய பின்னும் தொடரும் மௌனத்துக்கு என்ன பெயர்? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றத்தை அரசியல் தவறு என்றார். 2009இல் போர் முடிந்தது. புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு சிலர் திரும்பி வந்தபோது, கூரையற்ற சுவர்களும் பற்றை மண்டிய வளவுகளுமே அவர்களை வரவேற்றன. அவர்களுடைய காணிக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூட இடத்துக்குமாகக் குரல் கொடுப்பதற்கு எந்தத் துப்பாக்கி தடுத்தது?

அமீரின் முதற் குற்றம் அச்சத்தால் நேர்ந்தது. இரண்டாவது குற்றமே கொடியது. தன் இழிவுக்குச் சாட்சியாக நின்றவனைக் கண்ணெதிரிலிருந்து அகற்றுவதற்காகத்தான் அவன் கடிகாரத்தை ஒளித்தான். இந்தக் கடிகார வேலையை யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி இலக்கிய இரசனை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. சாதியின் கதையை எடுத்துக்கொள்வோம். நயினார் பிள்ளையும் குடிமைப் பிள்ளையும் முற்றத்தில் ஒன்றாக விளையாடியதுண்டு. கிணற்றுக் கட்டோடு அந்த நட்பு முடிந்துவிடும். கோயில் மண்டபத்தில் குகனின் தோழமையைக் கேட்டு உருகியவர்கள், தாழ்த்தப்பட்டவன் அந்த வாசற்படியை மிதிக்க விட்டார்களில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது, வாசல்கள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழைய முயன்றவர்களை, கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் முன்னின்று வழிமறித்தார். கற்றவரே வாசலில் காவல் நின்ற காலம் அது!

அந்தப் போராட்டங்களிலிருந்து பிறந்தது கே. டானியலின் ‘பஞ்சமர்’. 1972இல் வெளிவந்த அந்நாவலில் ஹசன்கள் தாமே பேசுகிறார்கள், கோபிக்கிறார்கள், தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைகிறார்கள். தம்மை மீட்க அமீர் வரவேண்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. இதற்கு மேட்டுக்குடி இரசிகர் சிந்திய கண்ணீர் எவ்வளவு? “பிரசாரம், கலையழகு போதாது” என்றனர். டொமினிக் ஜீவா ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்கு 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். அக்காலத்தில் முற்போக்கு எழுத்தை இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் ஏளனம் செய்தனர். காபூலின் ஹசனுக்குக் கண்ணீர். கன்பொல்லையின் ஹசனுக்கு இலக்கணப் பரீட்சை! டானியலின் எழுத்தில் குறை காண்பது தவறன்று. எவரிடமும் குறை காணலாம். எமது கேள்வி, அதே அளவுகோல் அயல்நாட்டு நாவலின் முன் ஏன் பைக்குள் போய்விடுகிறது என்பதே. தூரத்துக் குற்றம் இனிக்கிறது. அது கணக்குக் கேட்பதில்லை.

பழைய கதையென்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2018இல் வரணியிலுள்ள ஒரு கோயிலில் தேரை மண் அகழும் இயந்திரம் பூட்டி இழுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியார் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு என்ற கண்டனம் எங்கும் எழுந்தது.

கண்ணீரின் விலையை ‘பட்ட விரட்டி’யின் கதையே இன்னொரு விதத்திலும் காட்டியது. 2007இல் அது திரைப்படமாக வெளிவருமுன், அதில் நடித்த காபூல் சிறுவர்களுக்கு இனப்பகையால் ஆபத்து நேரலாம் என்றஞ்சிப் படநிறுவனம் அவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பியது. படத்தின் வெளியீடும் பல வாரம் தள்ளிப்போயிற்று. மேலைநாட்டுக் கொட்டகைகளில் மக்கள் கைக்குட்டை நனைய அழவிருந்தபோது, கதை நடந்த நகரத்தில் அக்கதையின் சிறுவர்கள் வாழ இடமில்லை. நாவல் உண்மையில் யாரைச் சுடவேண்டுமோ, அந்த இடத்தில் அதற்கு எதிர்வினை கண்ணீராக வருவதில்லை; சினமாகவும் தடையாகவும் வருகிறது. ‘பஞ்சமர்’ எழுப்பிய எரிச்சலும் அத்தகையதே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இந்நாவலைப் படிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வகுப்பில் படியுங்கள், மாணவர் அழுதால் அழட்டும். ஆனால் அழுகையோடு வகுப்பைக் கலைத்துவிடாதீர்கள். “எமது ஊரின் ஒழுங்கை எது? அங்கே நின்று பார்த்தவர் யார்? கடிகாரத்தை ஒளித்தவர் யார்?” என்று கேளுங்கள். அதன் பக்கத்தில் ‘பஞ்சமர்’ நூலையும் வையுங்கள். ஒஸ்மானியாவின் பழைய மாணவர் ஒருவரை அழைத்துப் பேசவிடுங்கள். அவர் சினந்து பேசினாலும் பொறுமையாகக் கேளுங்கள். சோனகத் தெருவில் இன்னும் உரியவர் கைக்கு வராத காணி எது, உங்கள் ஊரில் இன்னும் எல்லார்க்கும் திறவாத கிணறும் கோயிலும் எவை என்று மாணவரே விசாரித்து எழுதட்டும். அதுவே மெய்யான இலக்கியத் திறனாய்வு.

கழுவாய் என்பது நாவலின் கடைசிப் பக்கத்தில் கிடைப்பதன்று. அநீதிக்கு உள்ளானவர் இன்னும் எம்மிடையே உயிரோடு வாழ்கிறார். அமீருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. அதனைப் பயன்படுத்தாமல், காபூலில் இறந்துபோன ஹசனுக்காக மட்டும் அழுதுகொண்டிருப்போரின் இலக்கிய உணர்ச்சியை நாம் மதிக்கப்போவதில்லை.