விழித்திரை வரை வராத இடஒதுக்கீடு

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கண்ணின் பின்பக்கத்தையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஒரு காலையில், இடது கண்ணில் கறுப்பு நூல் தொங்குவதுபோல் இருக்கிறது என்றார். விழித்திரையில் இரத்தக்கசிவு. வலிக்காமல் வளரும் நோய் இது. பார்வை மங்கும்போது பாதி வேலையை முடித்திருக்கும். விழித்திரை மருத்துவரைப் பார்க்க மூன்று மணி நேரம் பேருந்தில் போனோம்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் என்னோடு தங்கிப் படித்த நண்பன் இன்று கண் மருத்துவன். "நீ ஏன் ரெட்டினாவுக்குப் போகலை?" என்று கேட்டேன். சிரித்தான். பிறகு கணக்குச் சொன்னான்.

எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். எம்.எஸ். மூன்று வருடம். இதுவரை இடஒதுக்கீடு கூடவே வரும். விழித்திரை அறுவைச் சிகிச்சையைக் கற்க அதற்கு மேலும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். தமிழ்நாட்டில் அந்தப் பயிற்சி பெரும்பாலும் தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளின் 'பெல்லோஷிப்' ஆகத்தான் கிடைக்கிறது. அங்கே 69% கிடையாது. சொற்ப உதவித்தொகை, ஒரு நேர்காணல், ஒரு பரிந்துரைக் கடிதம், அவ்வளவுதான். அவன் போன நேர்காணலில் கேட்ட இரண்டாவது கேள்வி, "அப்பா என்ன செய்கிறார்?" முப்பது வயதில், கல்விக்கடனும் தங்கை திருமணமும் தலைமேல் இருக்க, கிடைக்குமா என்று தெரியாத இடத்துக்காக அவன் காத்திருக்கவில்லை. கண்புரை அறுவை எம்.எஸ்.ஸிலேயே கைக்கு வந்திருந்தது. மறுநாளே சம்பாதிக்கலாம். அங்கேயே நின்றுவிட்டான்.

இது தனிமனிதத் தேர்வு அல்ல தோழர்களே. 1992 இந்திரா சஹானி தீர்ப்பு மண்டல் இடஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்புதான் மருத்துவத்தின் உயர் சிறப்புப் பிரிவுகளை இடஒதுக்கீடு பொருந்தாத இடங்களின் வரிசையில் வைத்தது. 1999-ல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்சநீதிமன்றம் அதே நிலைப்பாட்டை மீண்டும் எடுத்தது. பெல்லோஷிப்புக்கோ தீர்ப்புகூடத் தேவைப்படவில்லை. யாரும் கேள்வி கேட்காததே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

உடனே 'தகுதி' வந்துவிடும். கண் விஷயம், விளையாட்டா என்பார்கள். விளையாட்டில்லைதான். விழித்திரை மேல் படர்ந்த மெல்லிய சவ்வை நுண்ணோக்கி வழியே பார்த்து, கைநடுக்கம் இல்லாமல் உரித்தெடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கை எந்த மதிப்பெண் பட்டியலிலிருந்து வருகிறது? முதலில் ஆட்டுக் கண்ணில் பழகுகிறார்கள் (இறைச்சிக் கடையிலிருந்து வரும் கண்தான், அதற்குத் தீட்டு இல்லை). பிறகு மூத்தவர் பக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பிறகு ஒருநாள் அவர் கருவியைக் கையில் கொடுக்கிறார். யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார், யார் கையில் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொழில் ரகசியத்தைத் தன் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டில் புதிதும் அல்ல.

இந்த அறக்கட்டளைகளில் பல வரிச்சலுகை பெறுகின்றன, அரசுக் காப்பீட்டுத் திட்டப் பணம் பெறுகின்றன. கடந்த பத்தாண்டுகளில் யார் யாரை விழித்திரைப் பயிற்சிக்கு எடுத்தோம் என்ற சமூகவாரிக் கணக்கை அவை வெளியிடட்டும். இலவச முகாம்களில் எத்தனை ஏழைகளுக்குக் கண் பார்த்தோம் என்ற கணக்கைப் பெருமையோடு சொல்கிறவர்களுக்கு இது கடினமாக இருக்காது. அந்த முகாம்களை நான் குறைத்துப் பேசவில்லை, என் பாட்டிக்குப் பார்வை கொடுத்தது அப்படியொரு முகாம்தான். ஆனால் நம் மக்கள் கட்டிலில் படுக்க மட்டுமே வருகிறவர்களா?

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கேயும் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் விழித்திரைப் பயிற்சி இடங்களைப் பெருக்கி, 69 சதவீதத்தோடு நிரப்ப வேண்டும். முடித்தவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கருவியோடு அமர்த்த வேண்டும். கருவி இல்லாமல் ஆளை மட்டும் அனுப்புவது அடுத்த ஏமாற்று.

நண்பன் இப்போது ஒரு வட்டார மருத்துவமனையில் இருக்கிறான். கண்புரைக்கு வருகிறவர்களில் சிலரின் விழித்திரை மோசமாக இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நகரத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுக்கிறான். "போனார்களா என்று தெரியாதுடா, பாதிப்பேர் திரும்பி வருவதில்லை" என்றான்.