கழற்றும் முன்பு கேளுங்கள்!

கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகையினருக்குக் கார் வெறும் வண்டி. ஏறுவார்கள். போவார்கள். இறங்கிப் பூட்டுவார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு வகையினருக்குக் கார்தான் உயிர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு விடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் தலை வெளியே வராது. இவர்கள்தான் கார் பிரியர்கள். உலகம் எங்கும் இருக்கிறார்கள்.

இவர்கள் நாலு பேர் கூடினால் கேலிக்குக் குறைவு இருக்காது.

"கார் வேகமாகப் போக மாட்டேன் என்கிறதே?"

"உள்ளே இருக்கும் பஞ்சை எல்லாம் பிய்த்துப் போடு. எடை குறையும்!"

"சத்தம் காதைப் பிளக்குமே?"

"சத்தம் என்று சொல்லாதே. சங்கீதம் என்று சொல்!"

"எஞ்சின் கொதிக்கிறதே?"

"பானெட்டையும் கழற்றிப் போடு. எடையும் குறையும், காற்றும் வரும்!"

கேட்டுச் சிரிக்கலாம். தப்பு இல்லை. ஆனால் கேலியைக் கேட்டு விட்டு, உண்மையாகவே ஸ்பானரைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சொன்னவருக்கு விஷயம் தெரியும். கேட்டவருக்குத் தெரியாது. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

பஞ்சு எதற்கு?

காருக்குள் கால் வைக்கும் இடத்தில் விரிப்பு இருக்கிறது. அதைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தடித்த கம்பளி போன்ற ஒன்று இருக்கும். அதற்கும் அடியில், பல கார்களில், தார் கலந்த தகடு ஒட்டி இருக்கும். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே ஓர் இரும்புச் சுவர் உண்டு. அந்தச் சுவரிலும் பஞ்சு இருக்கும். பானெட்டின் உள்பக்கத்திலும் இருக்கும்.

இவை என்ன செய்கின்றன?

காலி தகர டப்பாவை விரலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒலிக்கும். அதன் மேல் ஈரத் துணியை ஒட்டி விட்டுத் தட்டுங்கள். 'தொப்' என்று அடங்கி விடும். தார்த் தகடு செய்கிற வேலை இதுதான். இரும்பு அதிராமல் பிடித்துக் கொள்கிறது. கம்பளியும் பஞ்சும் ஓசையை உறிஞ்சிக் கொள்கின்றன.

இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பலர் மறந்து விடுகிறார்கள். எஞ்சினின் சூடு நம் காலுக்கு வராமல் இவை தடுக்கின்றன.

இரண்டு கார்கள்

இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி 2020-ம் ஆண்டில் 'கோஸ்ட்' என்ற புதிய காரை வெளியிட்டது. அதில் ஓசையை அடக்குவதற்காக மட்டும் 100 கிலோவுக்கு மேல் பொருள்களை வைத்தார்கள். வாட்டசாட்டமான ஓர் ஆளின் எடை அது!

செய்து முடித்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. காருக்குள் ஒரே நிசப்தம். அந்த நிசப்தமே உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதனால், காதில் மெல்ல முணுமுணுப்பது போன்ற ஓர் ஓசை இருக்கும்படி எஞ்சினீயர்கள் திருத்தம் செய்தார்கள். காசு கொடுத்து ஓசையை விரட்டினார்கள். மறுபடி உழைத்துக் கொஞ்சம் ஓசையைக் கூட்டி வந்தார்கள்.

இனி இத்தாலிக்கு வாருங்கள். 1987-ம் ஆண்டில் பெராரி கம்பெனி 'எப் 40' என்ற காரை வெளியிட்டது. கம்பெனியை நிறுவிய என்சோ பெராரி உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசிப் புதிய கார் அது. மணிக்கு 324 கிலோ மீட்டர் வேகம் போகும்.

அந்தக் காரில் தரைக் கம்பளம் கிடையாது. ரேடியோ கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி கூடக் கிடையாது. ஒரு கயிறுதான். இழுத்தால் திறக்கும். எல்லாம் எடையைக் குறைப்பதற்காக!

ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. குளிர் சாதனம்! கம்பளத்தைக் கழற்றியவர்கள், ரேடியோவைக் கழற்றியவர்கள், இதை மட்டும் ஏன் வைத்தார்கள்? அந்தக் காரில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே சூடு தாங்காது. டிரைவர் வெந்து போனால் வேகம் எதற்கு?

அவர்கள் எதையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றவில்லை. ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று தெரிந்து கழற்றினார்கள். தேவையானதை வைத்துக் கொண்டார்கள்.

நம்மில் பலர் செய்வது என்ன? முதல் பாதியை மட்டும் காப்பி அடிக்கிறோம்!

சூடு எங்கே போகிறது?

எஞ்சினில் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் எரிகிறது என்று வையுங்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்ட உதவும். இன்னொரு பங்கு, புகையோடு சூடாகக் குழாய் வழியே போய் விடும். மீதிப் பங்கைத் தண்ணீரும் ரேடியேட்டரும் வெளியே தள்ள வேண்டும். பெரிய வேலை அது.

இந்த வேலைக்குத் துணையாகச் சில சின்னப் பொருள்கள் இருக்கின்றன. கார் பிரியர்களின் கை முதலில் போவது இவற்றின் மேல்தான்.

முதலாவது, தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கும். அதற்குள்ளே மெழுகு இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்து இருக்கும்போது வால்வு மூடி இருக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாது. சூடு 80 அல்லது 90 டிகிரி அளவுக்கு வந்ததும் மெழுகு உருகிப் பெருகும். வால்வு திறக்கும்.

"நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறியும் பழக்கம் நம் ஒர்க்ஷாப்புகளில் உண்டு. எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறார்கள்.

நல்லது அல்ல. எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் ஆகும். அதுவரை ஆயில் கெட்டியாக இருக்கும். பெட்ரோல் அதிகம் செலவாகும். உள்ளே இருக்கும் பாகங்கள் சீக்கிரம் தேயும். அடுப்பு சூடாகும் முன்பே தோசை மாவை ஊற்றினால் என்ன ஆகும்? கல்லில் ஒட்டிக் கொள்ளும். எஞ்சினுக்கும் அதன் சூடு வேண்டும்.

இரண்டாவது, விசிறியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூடு. "இது காற்றை மறைக்கிறது" என்று சிலர் கழற்றுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கூடு இருந்தால்தான் விசிறி முழு ரேடியேட்டர் வழியாகவும் காற்றை இழுக்கும். கூடு போனால், தனக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தில் மட்டும் இழுக்கும். பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும்.

பானெட்டைத் தூக்கினால்?

மூன்றாவது வேலைதான் பெரிய வேடிக்கை. பானெட்டின் பின் பக்கத்துத் திருகாணியைக் கழற்றுவார்கள். அடியில் நாலைந்து வாஷர்களைப் போடுவார்கள். முன் கண்ணாடிப் பக்கம் பானெட் ஓர் அங்குலம் தூக்கிக் கொண்டு நிற்கும். அந்த இடுக்கு வழியாகச் சூடு வெளியே போகும் என்று எண்ணம்.

கார் நிற்கும்போது கொஞ்சம் போகும். மெய்தான். வேகமாக ஓடும்போது?

ஓடும் காரின் மேல் வரும் காற்று முன் கண்ணாடியில் மோதுகிறது. அதனால் கண்ணாடியின் அடியில் காற்று நெருக்கமாகக் குவிகிறது. இடுக்கு இருந்தால் அங்கிருந்து காற்று வெளியே போகாது. உள்ளேதான் வரும்!

இதை அமெரிக்காவின் செவர்லே கம்பெனி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. 1969-ம் ஆண்டு 'கமாரோ' காருக்கு ஒரு தனி வகைப் பானெட்டைச் செய்தது. அதன் திறப்பு முன் கண்ணாடியைப் பார்த்து இருந்தது. எதற்கு? எஞ்சினுக்குள் காற்றை இழுப்பதற்கு. எந்த இடத்தில் அவர்கள் காற்றை உள்ளே வாங்கினார்களோ, அதே இடத்தில் நம் வாஷர் நிபுணர்கள் காற்றை வெளியே விடப் பார்க்கிறார்கள்!

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெரும்பாலான கார்களில், நாம் மூச்சு விடும் காற்று உள்ளே வரும் வழி அந்தக் கண்ணாடி அடிதான் இருக்கிறது. எஞ்சினில் எங்காவது புகைக் குழாய் ஒழுகினால், அந்தப் புகை இடுக்கு வழியாக அங்கே வரலாம். அங்கிருந்து காருக்குள் வரலாம்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது நம் ரத்தத்தில் ஒட்டிக் கொள்ளும். முதலில் தலை வலிக்கும். தூக்கம் வரும். பயணக் களைப்பு என்று நினைத்துக் கொள்வோம். பின் சீட்டில் தூங்கும் குழந்தையைப் பார்த்து, "நல்ல தூக்கம்" என்போம்.

இரும்புச் சுவரில் இருந்த பஞ்சையும் பிய்த்து, அதன் ஓட்டைகளையும் திறந்து விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

தெரிந்து செய்தவர்கள்

அப்படியானால் காரில் எதையுமே மாற்றக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை.

ஜப்பானில் மாஸ்டா கம்பெனி 1989-ம் ஆண்டில் 'எம்.எக்ஸ்-5' என்ற இரண்டு பேர் போகும் சிறிய காரை வெளியிட்டது. அதன் எஞ்சின், '323' என்ற குடும்பக் காரில் இருந்து வந்தது. அந்தக் காரில் எஞ்சின் குறுக்கு வாட்டில் இருந்தது. புதிய காரில் நெடுக்கு வாட்டில் திருப்பி வைத்தார்கள். அதற்காகத் தண்ணீர் வெளியேறும் வாயை முன் பக்கத்துக்கு மாற்றினார்கள்.

சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு இதனால் குறை எதுவும் இல்லை. ஆனால் பந்தய மைதானத்தில் ஓட்டியவர்கள் ஒன்றைக் கண்டார்கள். தண்ணீர் உள்ளே போகும் இடமும் முன்னால். வெளியே வரும் இடமும் முன்னால். ஆகவே கடைசியில் இருக்கும் சிலிண்டருக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. அது அதிகமாகச் சுடுகிறது.

அவர்கள் என்ன செய்தார்கள்? வாயை மறுபடி பின் பக்கத்துக்கே மாற்றினார்கள். தண்ணீர் முன்னால் புகுந்து, நான்கு சிலிண்டரையும் சுற்றி, பின்னால் வெளியேறியது. தெர்மோஸ்டாட் வால்வைத் தூக்கி எறியவில்லை. அதையும் பின்னால் கொண்டு போய் வைத்தார்கள்.

இது மாற்றம். இது அறிவு. முதலில் காரணத்தைக் கண்டார்கள். பிறகு ஸ்பானரை எடுத்தார்கள்.

யாருக்காகக் கழற்றுகிறீர்கள்?

பந்தயக்காரர் காரில் பஞ்சு இல்லை. உண்மைதான். ஆனால் அவர் தலையில் கவசம் இருக்கிறது. காதில் அடைப்பான் இருக்கிறது. பக்கத்தில் தாயாரோ, மனைவியோ, குழந்தையோ இல்லை.

நம் கார் அப்படியா?

85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. சத்தம் 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறைந்து விடும். 88 டெசிபல் என்றால் 4 மணி. 91 டெசிபல் என்றால் 2 மணி. கெட்டுப் போன காது திரும்ப வராது.

ஸ்டீயரிங்கைப் பிடிப்பவருக்கு எஞ்சின் சத்தம் சங்கீதமாக இருக்கலாம். பின் சீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது சங்கீதம் அல்ல. கைக் குழந்தைக்கும் அல்ல. ஆசை ஒருவருக்கு. அவதி நாலு பேருக்கு. இது நியாயமா?

கேலி பேசுங்கள். சிரியுங்கள். காரை நேசிப்பவர்கள் பேச்சில் நகைச்சுவை இருப்பது நல்லது. ஆனால் ஒரு திருகைத் தொடும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை ஏன் வைத்தார்கள்?"

பதில் தெரிந்தால் கழற்றுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். எஞ்சின் கொதித்தால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ரேடியேட்டர் அடைத்து இருக்கிறதா? கூலண்ட் அளவு சரியாக இருக்கிறதா? மூடி இறுக்கமாக இருக்கிறதா? விசிறி சுற்றுகிறதா? இவற்றைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கழற்றுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு ஸ்பானர் போதும். அதை அங்கே வைப்பதற்கு எஞ்சினீயர்கள் பல நாள் யோசித்து இருக்கிறார்கள். அந்த யோசனைக்கு நாம் ஐந்து நிமிஷ மரியாதையாவது கொடுக்க வேண்டாமா?